ஜீரோ பாத்துக்குங்க சார்!

2021 பிப்ரவரியில் போபால் நகரத்துப் பெட்ரோல் பங்குகள் சிலவற்றில் ஒரு வேடிக்கை நடந்தது. உயர்ரகப் பெட்ரோலின் விலை லிட்டருக்கு 100 ரூபாயைத் தொட்டுவிட்டது. வாங்க ஆள் இருந்தது, விற்கச் சரக்கும் இருந்தது. ஆனாலும் விற்க முடியவில்லை. பழைய மெஷினில் லிட்டர் விலை காட்டும் இடத்தில் ரூபாய்க்கு இரண்டே கட்டம். 99 ரூபாய் 99 காசுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. வேறு வழியில்லாமல் அந்த மெஷின்களில் விற்பனையை நிறுத்தினார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1979 வாக்கில் அமெரிக்காவில் காலன் விலை ஒரு டாலரை நெருங்கித் தாண்டியபோது அங்கேயும் இதே கதைதான். மெஷினில் இடம் இல்லாததால் பல பங்குகளில் அரை காலனுக்கு விலை வைத்து, காட்டிய தொகையை இரண்டால் பெருக்கி வாங்கினார்கள்.

போபால் செய்தியைப் படித்ததும் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: இன்னுமா அந்த மெஷின் இருக்கிறது?

நாற்பதைத் தாண்டிய எவருக்கும் அதைத் தெரியும். ஆளுயர இரும்புப் பெட்டி. நெஞ்சு உயரத்தில் ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் உருளும் எண்கள். ஏவரி, எல் அண்ட் டி, மிட்கோ என்று ஏதோ ஒரு பெயர் தகட்டில் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துச் சுற்றினால் முந்தைய ஆளின் கணக்கு கடகடவென்று ஓடி, எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் வந்து நிற்கும். "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்ற குரல் வந்த பிறகுதான் பெட்ரோல் இறங்கும். காசு உருளை பரபரக்கும்; லிட்டர் உருளை நிதானமாக நகரும். கேட்ட தொகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததும் ஊழியர் பிடியைத் தளர்த்திவிடுவார். பிறகு சொட்டுச் சொட்டாக விட்டு, இருபது ரூபாய் என்றால் இருபது ரூபாயில் கச்சிதமாக நிறுத்துவார். பத்து காசு கூடினால் அவர் கைக்காசு, குறைந்தால் வண்டிக்காரர் முறைப்பார். இன்று தொகையைத் தட்டிவிட்டால் மெஷின் தானாக நின்றுகொள்கிறது. அந்தக் கைப்பழக்கம் இருந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

பழைய பங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஆளாளுக்கு ஒரு ஞாபகம் கிளம்புகிறது. ஒருவருக்கு வாசனை, இன்னொருவருக்கு வேப்பமர நிழல், மூன்றாமவருக்கு முதலாளி கடனாகப் போட்டுக்கொடுத்த டீசல். சரி, அந்தப் பங்க் உண்மையில் எப்படித்தான் இருந்தது?

டின்னும் குடுவையும்

தொடக்கத்தில் பங்கே கிடையாது. பெட்ரோல் தகர டின்னில் வந்தது. கார் வைத்திருந்த ஜமீன்தார்களும் துரைமார்களும் டின் டின்னாக வாங்கி வீட்டில் அடுக்கிவைத்தார்கள். எண்ணெய் கம்பெனிகளுக்கு அப்போது பெரிய வியாபாரம் விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைமேல் குண்டு வீசியபோது துறைமுகத்தில் பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியவர்களில் பெரும்பாலானோர் அதுவரை ஒரு மோட்டார் காரில்கூட ஏறியிருக்க மாட்டார்கள்.

1928இல் பர்மா ஆயிலும் ஷெல்லும் கைகோத்து பர்மா ஷெல் ஆன பிறகுதான் சாலையோரம் பம்பு நடுவது வேகம் பிடித்தது. அந்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டாம். உச்சியில் கண்ணாடிக் குடுவை. ஆள் கைப்பிடியை ஆட்டினால் நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோல் குடுவைக்கு ஏறும். கோடு வரை நிரம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகு குழாயைத் திறந்தால் வண்டிக்கு இறங்கும். என் கணிப்பில், வாடிக்கையாளர் தான் வாங்கும் பெட்ரோலைக் கண்ணால் பார்த்த காலம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வந்த எல்லா மெஷினிலும் நாம் பார்ப்பது எண்ணை மட்டும்.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸின் பின்புறம் ஓர் உலையைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் "கரி பஸ்" பற்றிய கதைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஏற்றத்தில் நின்றுபோகும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும், ஏறும்போது வெள்ளையாக இருந்த வேட்டி இறங்கும்போது வேறு நிறமாகியிருக்கும்.

பிறகு கம்பெனிப் பலகைகள் மாறின. எஸ்ஸோ 1974இல் அரசு கைக்கு வந்து இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. பர்மா ஷெல்லை 1976இல் அரசு எடுத்துக்கொள்ள, அது பாரத் பெட்ரோலியம் ஆனது. கால்டெக்ஸ் பின்னர் இந்துஸ்தான் பெட்ரோலியத்தோடு இணைந்தது. மணலியில் 1969இலேயே சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. சிப்பிச் சின்னமும் சிவப்பு நட்சத்திரமும் சாலையிலிருந்து போனாலும், பல ஊர்களில் பெரியவர்கள் வெகுகாலம் "பர்மா ஷெல் பங்க்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டரைச் சாய்த்த காலம்

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரையிலான இடைப்பட்ட காலத்தின் மேல்தான் நம்மில் பலருக்கு ஏக்கம். அது டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம். பஜாஜ் ஸ்கூட்டர், லாம்பி, ராஜ்தூத், 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50. இந்த வண்டிகளுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் பங்கில் பெட்ரோல் மெஷினுக்குப் பக்கத்தில் ஆயிலுக்கென்று கைப்பம்பு ஒன்று நிற்கும். ஊழியர் முதலில் ஆயிலை விடுவார், பின்னாலேயே பெட்ரோல். மூடியை இறுக்கிய பிறகு வண்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தொட்டில்போல ஆட்டுவார். ஆயிலும் பெட்ரோலும் கலக்க வேண்டுமே! பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஆட்டத்துக்காகவே பங்குக்கு வரப் பிடிக்கும்.

எங்கள் வீட்டு பஜாஜில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது. சீட்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். வண்டி திக்கித் திணறும்போது அதை ரிசர்வுக்குத் திருப்பினால் இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். ரிசர்வும் தீர்ந்தால் வண்டியை அப்பா இடது பக்கம் சாய்த்துப் பிடிப்பார். டேங்கின் மூலையில் ஒளிந்திருந்த கடைசிச் சொட்டுகள் இறங்கிவரும். பிறகு நிமிர்த்தி, சோக் இழுத்து, ஓர் உதை. கிளம்பிவிட்டால் பங்க் வரை யாரும் பேசக்கூடாது. பேசினால் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்பது அவர் எண்ணமோ என்னவோ.

பங்கில் பெட்ரோல் போடும் நேரத்தைவிட மற்ற வேலைக்கு ஆன நேரம் அதிகம். காற்று பிடிக்கும் ஆள் டயரில் ஒரு தட்டுத் தட்டியே "பின்னாடி கம்மி" என்பார். ரேடியேட்டருக்குத் தண்ணீர், பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், கார் கண்ணாடிக்கு ஈரத்துணி. ஓரத்தில் பஞ்சர் கடை, அதற்கு அடுத்து டீக்கடை. நெடுஞ்சாலை பங்க் என்றால் லாரி டிரைவர்களின் குளியலறையும் படுக்கையறையும் அதுதான். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் வடக்கே எத்தனை மாநிலம் தாண்டினாலும், எந்தப் பங்கில் தொட்டித் தண்ணீர் நன்றாக இருக்கும், எங்கே நிறுத்தினால் ராத்திரி டீசல் திருட்டு நடக்காது என்பதை விரல் நுனியில் வைத்திருப்பார்கள். அறுவடை நாளில் டீசல் கேனோடு வரும் விவசாயிக்கும், ஐந்தாம் தேதிதான் சம்பளம் என்று தலையைச் சொறியும் ஆசிரியருக்கும் முதலாளியின் நோட்டில் ஒரு பக்கம் இருக்கும். அரசு ஜீப்புகளுக்கு இண்டென்ட் சீட்டு. கடனும் பழக்கமும் சேர்ந்தே நடந்த வியாபாரம் அது.

இன்னொன்றும் உண்டு, இளைஞர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். விலையேற்றம் என்பது அன்று ஒரு ராத்திரித் திருவிழா. சாயங்காலச் செய்தியில் "பெட்ரோல் விலை உயர்வு நள்ளிரவு முதல் அமலுக்கு வருகிறது" என்று வாசித்து முடிப்பதற்குள் தெருவில் வண்டிகள் உறுமும். பங்க் வாசலில் வரிசை மெயின் ரோடு வரை வளரும். லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் நின்று, வழியெல்லாம் மத்திய அரசைத் திட்டித் தீர்த்து, முன்னால் நிற்கும் அறிமுகமில்லாதவரோடு சொந்தம் கொண்டாடி வீடு திரும்புவார்கள். சில பங்குகளில் அன்று மட்டும் சீக்கிரமே "ஸ்டாக் இல்லை" பலகை தொங்கும். மறுநாள் காலையில் சரக்கு எப்படியோ வந்துவிடும்!

பெட்ரோல் விலை அரசியலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி நேரத்தில், விலை உயர்வை எதிர்த்து வாஜ்பாய் மாட்டுவண்டி ஏறி நாடாளுமன்றம் போனார். அதே நெருக்கடியில் சிக்கனத்தைக் காட்ட இந்திரா காந்தி குதிரை வண்டியில் போனார். 2010 ஜூனில் பெட்ரோல் விலையும் 2014 அக்டோபரில் டீசல் விலையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் தினசரி விலை. காலை ஆறு மணிக்கு மாறும். காசு காசாக ஏறினால் யாரும் வரிசையில் நிற்பதில்லை, யாரும் மாட்டுவண்டி ஏறுவதும் இல்லை. சென்னையில் 2021 ஜூலையில் 100 ரூபாயைத் தாண்டியபோதுகூடச் செய்தி பார்த்து உச்சுக் கொட்டியதோடு சரி. இத்தனை கெட்டிக்காரத்தனமான ஏற்பாட்டை யோசித்தவர் யாராக இருந்தாலும் அவர் நம் சுபாவத்தை நன்றாகப் படித்தவர்.

வாசனைக்குள் இருந்த விஷம்

ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் பக்கத்துக்கு வருவோம்.

நாம் மூக்கை விடைத்து முகர்ந்த அந்தப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. இன்ஜின் தட்டாமல் ஓட ஈயச் சேர்மம் கலந்தார்கள். புகையோடு அது காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தொட்டது. நான்கு பெருநகரங்களில் 1995இல் ஈயமற்ற பெட்ரோல் எட்டிப் பார்த்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. வண்டியை ஆட்டிக் கலந்த ஆயில் இருக்கிறதே, அதில் ஒரு பகுதி எரியாமல் நீலப் புகையாக நம் பின்னால் வந்தவர் முகத்தில்தான் போய் விழுந்தது.

கலப்படமோ ஊரறிந்த ரகசியம். ரேஷன் மண்ணெண்ணெய் மலிவு, டீசல் விலை அதிகம். இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் இடைவெளி முழுக்க லாபம். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டுப் பார்த்தார்கள். பெட்ரோலில் கலக்க நாப்தா, கரைப்பான் என்று வேறு சரக்குகள் இருந்தன. இது ஏதோ சில்லறைத் திருட்டு என்று நினைப்பவர்கள் சண்முகம் மஞ்சுநாத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கோலார் தங்கவயல்காரர், லக்னோ ஐஐஎம்மில் படித்தவர், இந்தியன் ஆயில் விற்பனை அதிகாரி. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்படம் செய்த பங்குக்கு சீல் வைத்தார்; மீண்டும் சோதிக்கப் போனவரை 2005 நவம்பரில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு வயது 27.

அளவும் அப்படித்தான். "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்ல வேண்டி வந்ததே, ஜீரோ வைக்காமல் போட்டவர்கள் இருந்ததால்தான். முந்தைய ஆளுக்குப் போட்ட பத்து ரூபாயிலிருந்து தொடர்வது, நாம் பர்ஸைத் தேடும் நேரத்தில் கையை நிறுத்தி "ஆச்சு சார்" என்பது, இரண்டு பேர் நின்று ஒருவர் பேச்சுக் கொடுக்க இன்னொருவர் போடுவது என்று எத்தனை வித்தை! மெஷின் எலக்ட்ரானிக் ஆனதும் வித்தையும் எலக்ட்ரானிக் ஆனது. 2017இல் லக்னோவில் போலீஸ் சோதனை போட்டபோது அளவைக் குறைக்கும் சிப்புகளை மெஷினுக்குள்ளேயே கண்டுபிடித்தார்கள். ரிமோட்டில் இயங்குபவை.

ஆக, முகம் தெரிந்த மனிதர் என்பதற்காக நாம் நம்பியதில் ஒரு பகுதி நம் அறியாமை. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே ஏங்க வேண்டும்.

நம் சந்தேகங்கள் மட்டும் அன்றும் இன்றும் மாறவே இல்லை. நூறுக்குப் போட்டால் ஏமாற்றுவார்கள், நூற்றுப்பத்துக்குப் போடு என்பார்கள். அளவு குறையும் மெஷின் எல்லாத் தொகைக்கும் குறையத்தான் செய்யும். விடியற்காலையில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. பெட்ரோல் கிடப்பது மண்ணுக்குள் புதைத்த தொட்டியில். காலையிலும் மதியத்திலும் அதன் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கு முறையான வழி உண்டு. ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் படி இருக்க வேண்டும். கேட்டால் உங்கள் கண்ணெதிரே பிடித்துக் காட்ட வேண்டும். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்த மெஷினில் விற்கக் கூடாது. பெட்ரோல் சுத்தமா என்று பார்க்க வடிதாள் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டால் கறை வைக்காமல் ஆவியாகிப் போக வேண்டும். அன்றைய அடர்த்தி அளவை எழுதிவைத்திருப்பார்கள், அதையும் கேட்கலாம். நூற்றுப்பத்துக்குப் போடச் சொல்கிற பலரும் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அங்கே போனவர், இங்கே நிற்பவர்

அமெரிக்கர்களுக்குப் பழைய பங்க் என்றால் கண் கலங்கிவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1913 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் கம்பெனி ஒரு பங்க் திறந்தது. வண்டியை உள்ளே ஓட்டிவந்து பெட்ரோல் போட்டுப் போகலாம். காற்றும் தண்ணீரும் இலவசம். அதற்கு முன் மளிகைக்கடையிலும் மருந்துக்கடையிலும் விற்ற சரக்கு அது. அங்கிருந்து வளர்ந்து, தொப்பியும் சீருடையும் அணிந்த ஊழியர் ஓடிவந்து கண்ணாடி துடைத்து, ஆயில் பார்த்து, ஊர் வரைபடம் கொடுத்து அனுப்பும் வழக்கமாக ஆனது. எட்வர்ட் ஹாப்பர் 1940இல் தீட்டிய 'கேஸ்' ஓவியத்தில் மாலை மங்கும் சாலையோரம் மூன்று சிவப்பு பம்புகளும் ஒற்றை மனிதரும் நிற்கிறார்கள். அந்த மனிதர்தான் பிறகு காணாமல் போனார். 1964இல் கொலராடோ மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில், கடைக்குள் இருந்தபடியே பம்பை இயக்கிவிடும் கருவி வந்தது. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், காசு உள்ளே கொடுங்கள். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விலை குறைவு என்பதற்காக மக்கள் அதற்கு மாறினார்கள். ஒரேகான் மாநிலம் 1951இலிருந்து சுயசேவைக்குத் தடை போட்டுப் பிடிவாதமாக இருந்து 2023இல் விட்டுக்கொடுத்தது. நியூ ஜெர்சியில் மட்டும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நிற்கிறது. அங்கே வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பக்கத்து மாநிலத்துக்குப் போனால்தான் தாங்களே பெட்ரோல் போடக் கற்றுக்கொள்கிறார்கள். ஜப்பான்கூட 1998 வரை சுயசேவையை அனுமதிக்கவில்லை.

நம்மிடம் அந்த மனிதர் போகவில்லை. கோவில்பட்டி பங்கானாலும் கோயம்பேடு பங்கானாலும் பெட்ரோல் கன்னைப் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறார். இதற்காக நாம் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. இங்கே மனித உழைப்பு மெஷினைவிட மலிவு, அவ்வளவுதான்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஞாபகமே வேறு மாதிரி. யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கண்ணில் படாத பண்டம். சில சொட்டுப் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு இன்ஜினை உசுப்பிவிட்டு, மற்றபடி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய ஆஸ்டின் கார்களையும் ஓட்டினார்கள். 2022இல் இலங்கை முழுவதுமே "பெற்றோல் செட்" வாசலில் நாள்கணக்கில் நின்றது. வரிசையிலேயே உயிர் போனவர்கள் உண்டு. கியூஆர் அட்டைக்கு வாரம் இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரரிடம் போய் வரிசையில் நின்ற பழைய நாள்களின் இனிமையைப் பேசிவிட முடியாது.

போன் பேசாதே, போனில் கொடு

இன்றைய பங்கில் பார்க்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. மெஷினுக்கு மேலே செல்போனில் குறுக்குக்கோடு போட்ட எச்சரிக்கைப் பலகை. சரியாக அதற்குக் கீழே கியூஆர் ஸ்டிக்கர். போனை அணைத்துவை என்ற இடத்திலேயே போனை எடுத்துக் காசு அனுப்பச் சொல்கிறார்கள். 2016 நவம்பரில் பண மதிப்பிழப்பு வந்தபோது பழைய நோட்டுகளை மாற்ற வேறு வழி தெரியாமல் ஊரே பங்குக்கு ஓடியது; "சில்லறை இல்ல, ஐநூறுக்கும் போட்டுக்குங்க" என்று டேங்க் நிரம்பி வழிந்தது. அதற்குப் பிறகு பங்கில் சில்லறைச் சண்டை மெல்ல ஓய்ந்தது. பெட்ரோல் போட்டவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே போய்விடலாம். மெஷினே "இவ்வளவு ரூபாய் வந்துவிட்டது" என்று சொல்லிவிடும்.

விலையை மாற்றப் பங்க்காரர் நள்ளிரவில் கண் விழிக்க வேண்டியதில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டரே காலை ஆறு மணிக்கு மாற்றிவிடுகிறது. தொட்டியில் எத்தனை லிட்டர் என்று குச்சி விட்டுப் பார்த்த இடத்தில் கருவி கணக்குச் சொல்கிறது. தலைக்குமேல் பெரிய கூரை, தரையில் கான்கிரீட், ஓரத்தில் காபிக் கடை, ஏடிஎம், பின்பக்கம் எலக்ட்ரிக் கார் சார்ஜ் ஏற்றும் கம்பம். நெடுஞ்சாலையில் ஹோட்டலுக்குள் பங்கா, பங்குக்குள் ஹோட்டலா என்று தெரியாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. வேப்பமரத்தைக் கூரைக்காக வெட்டியிருப்பார்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ் 6 தரம். கந்தகம் வெகுவாகக் குறைந்தது, இது உண்மையான முன்னேற்றம். கூடவே எத்தனால் 20 சதவீதம் வரை சேர்ந்திருக்கிறது. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பழைய வண்டிக்காரர்களின் புலம்பல் இன்னும் ஓயவில்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் கொண்டது. மழைக்காலத்தில் தொட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் முன்பைவிடத் தொல்லை அதிகம். கலந்து விற்றால் குற்றம் என்றிருந்த தொழிலில் கலந்து விற்பதே விதியாகிவிட்டதே என்று பங்க் முதலாளிகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளலாம்.

நல்ல மாற்றங்களில் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. தமிழ்நாட்டுச் சிறைத்துறை புழல், பாளையங்கோட்டை உள்ளிட்ட சிறைகளின் வெளிப்புறத்தில் பங்குகள் நடத்துகிறது. நன்னடத்தைக் கைதிகள் பெட்ரோல் போடுகிறார்கள். 2023இல் பெண் கைதிகளே நடத்தும் பங்க் புழலில் திறக்கப்பட்டது. மாவட்டங்களில் கன்னைப் பிடித்து நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். பழைய பங்கில் இதெல்லாம் கிடையாது.

அப்படியானால் போனது என்ன? போனவற்றில் ஈயத்துக்காகவோ கலப்படத்துக்காகவோ நான் கண்ணீர் விடமாட்டேன். போய்விட்டதே என்று நான் நினைப்பது பங்க் ஊழியரின் தொழிலறிவைத்தான். அன்று அவர் பாதி மெக்கானிக். புகையின் நிறத்தைப் பார்த்து "ரிங் தேய்ஞ்சிருக்கு" என்பார். டயரைத் தட்டிக் காற்று சொல்வார். ஊர்க்காரர் வண்டி எதற்கு எவ்வளவு ஆயில் என்று மனப்பாடம். வண்டிக்காரரும் அந்த வார்த்தைக்கு மரியாதை கொடுத்தார். இன்று அவரிடம் கம்பெனி எதிர்பார்ப்பது ஒரே வாக்கியம்: "சார், பவர் போடவா, நார்மலா?" உயர்ரகப் பெட்ரோல் இத்தனை லிட்டர் தள்ள வேண்டும் என்று அவருக்கு இலக்கு. ஷிப்ட் முடியும்போது கணக்கில் இடித்தால் "ஷார்ட்டேஜ்" என்று சம்பளத்தில் பிடித்தம். கியூஆர் வந்த பிறகும் பணம் வந்ததா இல்லையா என்ற சண்டையில் முதலில் திட்டு வாங்குவது அவர்தான். வண்டிக்காரரோ ஹெல்மெட்டைக் கழற்றாமல், விரலால் தொகையைக் காட்டிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மே மாத மதியத்தில் எந்த நெடுஞ்சாலை பங்கிலாவது இறங்கி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேலே கூரை உண்டு, ஆனால் பக்கவாட்டில் வீசும் அனலுக்குத் தடுப்பு இல்லை. கீழே கான்கிரீட் சூடு. வரும் ஒவ்வொரு வண்டியும் தன் இன்ஜின் வெக்கையைக் கொண்டுவந்து அவர் முழங்காலருகே நிறுத்துகிறது. பெட்ரோல் ஆவியை ஷிப்ட் முழுவதும் மூச்சில் இழுக்கிறார். அந்த ஆவியில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். நமக்கு இரண்டு நிமிட வாசனை; அவருக்கு அதுவே அன்றாடம். வண்டி இல்லாத நேரத்தில் மெஷின் மேடையின் விளிம்பில் குந்திக்கொள்கிறார், வண்டி வந்ததும் எழுகிறார்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இலேயே சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே காலத்தைக் கழித்ததைப் பார்த்து வந்த திருத்தம் அது. பழைய பங்கை நினைத்து உருகும் முதலாளிகளுக்கும், கண்ணாடிக் கூண்டில் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பழைய மெஷினை முகப்பில் அலங்காரமாக நிறுத்தியது போதும், ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலும் குடிக்கத் தண்ணீரும் வையுங்கள். வெட்டிய வேப்பமரத்துக்குப் பதிலாக வேலியோரம் நான்கு கன்று நடுங்கள். வாடிக்கையாளர்கள் தங்கள் பங்குக்கு ஹெல்மெட் கண்ணாடியை உயர்த்தி, எத்தனை ரூபாய்க்கு என்று வாயைத் திறந்து சொன்னால் போதும்.